ஏனும் ஏனமும்

போன கிழமை மகளை நர்சரியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இப்போது இருக்கும் புத்தளம் டவுனில் நர்சரிக்கும் நேர்முகம் வைக்கிறார்கள். குளிரூட்டிய அறை, பிள்ளைகளின் உயரத்துக்கு மேசை கதிரை, சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி. ஓர் இளம் டீச்சர் குடைப் படமொன்றை மகளுக்கு முன்னால் வைத்து, "மழ பெய்யக்குள்ள ஏன் மகள் கொட புடிக்கிறம்?" என்று கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் இரண்டு கைகளையும் அபாயாவில் துடைத்துக்கொண்டேன். கையில் ஈரமே இல்லை. ஆனால் மூக்கு நிறையச் சாம்பல் வாசம், நனைந்த தும்பு வாசம்.

மகள் என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "நனஞ்சா உம்மா ஏசுவா."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தியது. பெற்ற பிள்ளையைப் பார்த்தா பொறாமைப்படுவாய் என்று நீங்கள் கேட்கலாம். படுவேன். அவள் சொன்ன பதிலுக்காக அல்ல, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாளே, அதற்காக. எனக்குப் பொறாமை புதிதும் அல்ல. இருபது வயதில், நாலு வயதுப் பிள்ளையொன்றைப் பார்த்து மாதக்கணக்காக வயிறெரிந்தவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். சாம்பலும் தும்பும் அதற்குள் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஊர் எத்தாளை. கற்பிட்டிப் பக்கம், ஒரு புறம் கடல், மறுபுறம் கடல் உள்ளே வந்து தேங்கிய களப்பு. வாப்பா மீன்பிடிப் போட்டில் கூலிக்குப் போவார். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வெங்காயத் தோட்டத்தில் கூலி. உம்மா கருவாட்டு வாடியில் வேலை. வாடி என்றால் கடற்கரையில் கிடுகால் அடைத்த கொட்டில். அங்கே காலையிலிருந்து குனிந்து நின்று மீன் வெட்டி, உப்புப் போட்டு, பாயில் பரப்பிக் காயவைத்துவிட்டுப் பின்னேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். வீட்டில் நான் மூத்தவள், எல்லோருக்கும் ராத்தா. தங்கை ஸாஜி கடைசி. இடையில் தம்பிமார் இருந்தார்கள். அவர்கள் இந்தக் கதைக்குத் தேவையில்லை, சிரிப்பதற்கு மட்டும் ஓரிடத்தில் வருவார்கள்.

சட்டி, பானை, பீங்கான், கோப்பை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் ஏனம் என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஏனென்றால் எந்தப் பிள்ளை எதைப் பற்றி ஏன் என்று கேட்டாலும் உம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஏன் எண்டு கேட்டவ ஏனம் கழுவட்டும்."

கோபமாகச் சொல்வதில்லை. பல நேரம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லின் ஓசை அவருக்கே பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாலும் கழுவத்தான் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஒரு சிரட்டையில் சாம்பல், ஒரு பிடி தேங்காய்த் தும்பு, ஒரு வாளி தண்ணீர். ஏன் என்று கேட்டவர் அங்கே போய்க் குந்த வேண்டும். நான் சின்னதிலேயே கேட்பதை விட்டுவிட்டேன். மழை ஏன் வருகிறது என்று தெரியாமல் இருந்தால் குடிமுழுகிப் போகாது, நகத்துக்குள் சாம்பல் போனால் குர்ஆன் படிக்கும் ஓதப்பள்ளியில் வெட்கம். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் நான் மடைச்சியானேன்.

ஸாஜி லேசில் விடவில்லை. மூன்று வயதில் அவளுக்கு வாய் மூடாது. உம்மா வீட்டு முற்றத்தில் கொஞ்சம் கீரிமீன் கருவாடு காயவைத்திருந்த ஒரு நாள். ஸாஜி பாய்க்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, ஒரு மீனின் கண்ணுக்கு நேரே தன் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகு கேட்டாள்.

"கருவாடு ஏன் ராத்தா கண்ண மூடல்ல?"

நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் திரும்பிப் பார்க்காமலே வந்தது. "ஏன் எண்டு கேட்டவ ஏனம் கழுவட்டும்." ஸாஜி எழும்பிப் போனாள். சோற்றுப் பானையைக் கழுவ அவளுக்குக் கை எட்டாது, தலையைப் பானைக்குள் விட்டுத்தான் கழுவுவாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு வருடம் இப்படிப் போயிருக்கும். அதன் பிறகு அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு இப்போது நல்ல குணம் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருமாகச் சந்தோஷப்பட்டோம்.

அது நாட்டில் சண்டை முடிந்து கொஞ்சக் காலம் போயிருந்த நேரம். கடலுக்குப் போகப் பாஸ் காட்டத் தேவையில்லை என்றாகிவிட்டது. எலுவன்குளம் தாண்டிக் காட்டு வழியே மன்னாருக்கு ஆட்கள் போய்வரத் தொடங்கியிருந்தார்கள். உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களும் வரத் தொடங்கின. ஒரு வாகனம் வந்து கக்கூஸ் கட்டித் தந்தது, இன்னொன்று வந்து கோழிக்குஞ்சு தந்தது. கோழிக்குஞ்சு தந்த வாகனம் ஒரு நர்சரியும் தொடங்கித் தந்துவிட்டுப் போனது. தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். ஏ.எல். பரீட்சை எழுதிய பெண்பிள்ளை டீச்சராக வேண்டும் என்று தேடியபோது நான் வீட்டில் சும்மா இருந்தேன். எழுதிய என்றுதான் கேட்டார்கள், பாஸான என்று கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், டீச்சராகிவிட்டேன். ஸாஜியும் என் வகுப்பில்தான் இருந்தாள்.

அந்த வகுப்பில்தான் ஹனா இருந்தாள். நான் வயிறெரிந்த பிள்ளை.

ஹனாவின் வாப்பா நுரைச்சோலையில் கரண்ட் எடுக்கும் இடத்தில் எஞ்சினியர். மலைநாட்டுப் பக்கத்து ஆட்கள். எங்கள் ஊரில் மாடி வைத்த வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஹனாவின் உம்மாவை ஊரில் எஞ்சினியர் ராத்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நர்சரி விட்டதும் ஹனாவை வீட்டில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. போகும் வழியெல்லாம் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே வரும். களப்பில் ஏன் அலை இல்லை, பனைக்கு ஏன் கிளை இல்லை, பள்ளிவாசலுக்கு நேர்ந்துவிட்ட மாடுகள் ஏன் பள்ளிவாசலுக்குள் போவதில்லை. ஏனம் ஏனம் என்று என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அடுத்தவர் பிள்ளை, அதுவும் எஞ்சினியர் பிள்ளை. விழுங்கிக்கொள்வேன்.

முதல் நாள் போனபோதே ராத்தா என்னை உள்ளே கூப்பிட்டார். "இரிங்க டீச்சர், தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போங்க." என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், என்னை டீச்சர் என்றார். குசினியில் கதிரை போட்டுத் தந்துவிட்டு வெங்காயம் வெட்டத் தொடங்கினார். ஹனா மேசைக்குக் கீழே நின்று கண்ணைக் கசக்கினாள்.

"உம்மா, வெங்காயம் ஏன் கண்ண எரிக்கிது?"

ராத்தா கத்தியைக் கீழே வைத்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன், வைத்தார். பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன நெனக்கிறீங்க மகள்?"

"அதுக்கு நோவுது. அதான் நம்மளயும் அழ வெக்கிது."

"அப்படியும் இரிக்கலாம். வேற?"

வேறென்ன என்று அந்தப் பிள்ளை யோசித்தது. நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, உண்மையாகவே யோசித்தது. ஒரு நாலு வயதுப் பிள்ளை யோசிப்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். தேத்தண்ணிக் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் வெங்காய ஊர். நடக்கப் பழகிய நாளிலிருந்து வெங்காயத்தோடு கிடந்தவள் நான், கண் எரிந்து எரிந்து அழுதவள். ஏன் எரிகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை. பிள்ளைக்கு "நீங்க" போடுகிறார். எங்கள் வீட்டில் என்னை "அடியே" என்றும், அன்பு கூடினால் "புள்ள" என்றும் கூப்பிடுவார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று அந்த இருபது வயதுவரைக்கும் என்னிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அந்த மனுஷியில் ஒரு குறை தேடினேன். தேத்தண்ணிக்குச் சீனி போதாது. அது ஒன்றுதான் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். "எஞ்சினியர் ஊடு, சீனிக்கிப் பஞ்சம்" என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் போனேன், ஒவ்வொரு நாளும் எரிந்தேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை, புண்ணைச் சொறிவதுபோல. அந்த வீட்டில் புத்தக அலுமாரி இருந்தது, அதைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. மரக்கட்டைகளால் செய்த விளையாட்டுச் சாமான்கள் இருந்தன, அதற்கும் இல்லை. என்னை எரித்தது அந்த "வேற?" தான். கேள்விக்குப் பதில், பதிலுக்கு மேல் ஒரு "வேற?". குசினியின் பின்வாசலில் எங்கள் தெருப் பெண்ணொருத்தி குந்தியிருந்து சட்டி கழுவிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் ஏனம் கழுவ ஆள் இருந்தது. அதனால் ஏன் என்று கேட்கவும் ஆள் இருந்தது. உடுப்புக் கழுவ மெஷினும் இருந்தது, அது பாட்டுக்கு ஒரு மூலையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் எனக்கும் ரோஷம் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் என்ன குறைச்சல் என்று, பின்னேரம் ஸாஜியை முற்றத்தில் இருத்தி, குரலை எஞ்சினியர் ராத்தாவைப்போல இனிப்பாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஸாஜி, கடல்ல அல வருதே, அதப் பத்தி நீங்க என்ன நெனக்கிறீங்க?"

ஸாஜியின் கண் இரண்டும் விரிந்துவிட்டது. "நீங்க" என்றதுமே ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்று பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

"நான் ஒண்டுமே நெனக்கல்ல ராத்தா. அல்லாட மேல சத்தியமா."

அழத் தொடங்கிவிட்டாள். உம்மா உள்ளேயிருந்து, "என்னத்துக்குடி புள்ளய மெரட்டுற?" என்று கத்தினார். நான் கடலைப் பற்றிய பாடத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் நர்சரிக்கு ஒரு அம்மா வந்தார். வெளியூர், படித்தவர், நல்ல மாதிரி. பிள்ளைகளின் புத்தி எப்படி வளர்கிறது என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். தை மாதம் பாடசாலைக்குப் போக எந்தப் பிள்ளை தயார், எந்தப் பிள்ளை இன்னும் ஒரு வருடம் நர்சரியில் இருந்தால் நல்லது என்று பெற்றோருக்குச் சொல்வாராம். ஒரு பெட்டி நிறையப் படங்கள் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் வெட்கப்படாமல் இருக்க என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

ஹனா வந்து உட்கார்ந்தாள். முதல் படம் ஒரு வீடு, கூரையில் புகைக்கூண்டு, அதிலிருந்து புகை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புகைக்கூண்டு என்றால் நுரைச்சோலையில் ஊருக்கெல்லாம் தெரிய நிற்கும் அந்த ஒன்றுதான். முன்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டியதும் "கரண்ட்!" என்று கத்தியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எஞ்சினியர் மகளும் அப்படித்தான் சொல்லப்போகிறாள், எல்லோரும் ஒன்றுதான் என்று தெரியட்டும் என்று காத்திருந்தேன். ஹனா படத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"வீடு. ஆனா பொகக்கூண்டு இரிக்கிதே. இந்த வீட்லயும் கரண்ட் செய்றாங்களா?"

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, பிள்ளையின் தலையைத் தடவினார். என் கடைசி ஆறுதலும் போனது. படம் பிழை, கேள்வி பிழை, வெளியூர்ச் சாமான் எங்கள் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். அதே புகைக்கூண்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதற்குள்ளிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டதே. எனக்கு அந்தப் பிள்ளையைக் கிள்ள வேண்டும்போல இருந்தது. கிள்ளவில்லை, டீச்சர் என்ற மரியாதை தடுத்தது.

ஸாஜி கடைசியாக வந்தாள். காலையிலேயே அவளுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு விட்டிருந்தேன். மீன், ஏணி, கதிரை, கோழி எல்லாம் சொன்னாள். புகைக்கூண்டு வீட்டுக்குக் "கரண்ட்" என்றாள். பிறகு குடைப் படம்.

"இது என்ன?"

"கொட."

"கெட்டிக்காரி. மழை பெய்யேக்க நாங்கள் ஏன் குடை பிடிக்கிறம்?"

ஸாஜி என் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகம் இல்லை அது. பதில் தெரிந்த பிள்ளையின் முகம். கதிரையிலிருந்து இறங்கினாள், கவுணைச் சரிசெய்தாள், நேரே மண்டபத்தின் பின்பக்கம் போனாள். அங்கே தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில், காலையில் நாங்கள் தேத்தண்ணி குடித்த கோப்பைகள் கிடந்தன. குந்தினாள். தும்பை எடுத்தாள். கோப்பைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த அம்மா இரண்டு மூன்று தரம் ஸாஜியைக் கூப்பிட்டார். கையில் வேலை இருக்கும்போது பிள்ளை திரும்புமா? எனக்கு மட்டும்தான் விளங்கியது. "எங்கட ஊட்டில... உம்மா..." என்று தொடங்கினேன். எப்படிச் சொல்வது, ஏனும் ஏனமும் ஒரே மாதிரி இருக்கிறது என்றா? அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காது கேட்குதா எண்டு ஒருக்காப் பாருங்கோ. பிள்ளைக்கு விளக்கம் கொஞ்சம் குறைவு போல கிடக்கு. இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்." பிறகு மெதுவாகக் கேட்டார், "வீட்டில பிள்ளையோட ஆரும் கதைக்கிறவையோ?"

கேட்டது பிழையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அவரை இன்றுவரைக்கும் நான் மன்னிக்கவில்லை.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. வெளக்கம் கொறஞ்ச புள்ள. எத்தாளையில் ஒரு சொல் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் வெளியே போக இடமில்லை, சுற்றிச் சுற்றி வரும். வாப்பா வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்கவில்லை.

"இன்னொரு வருசம் நர்சரியில வெச்சி என்ன செய்ற? ஸ்கூல்ல போட்டா அங்கயும் சிரிப்பாங்க. வெளக்கம் கொறஞ்ச புள்ளக்கி எழுத்து என்னத்துக்கு? உம்மாவோட வாடிக்கிப் போகட்டும், கையாவது பழகும்."

வாப்பா கெட்ட மனிதரில்லை. ஊர் சிரித்தால் தாங்கமாட்டார், அவ்வளவுதான். ஆனால் அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஸாஜி முற்றத்தில் சிரட்டை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய முழு வாழ்க்கையும் அந்த வாசலில் வலையோடு வலையாக முடிச்சுப் போடப்படுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஹனாவின் ஞாபகம் வந்தது. அதே வயது. அவள் அந்நேரம் யாரிடமாவது ஏன் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

உம்மா வாடியிலிருந்து வந்தார். தலையில் உப்பு வாசம், கையில் மீன் செதில். நடந்ததைச் சொன்னேன். "ஏன் எண்டு கேட்டதும் எழும்பிப் போய்க் கோப்ப கழுவினா உம்மா." தம்பிமார் பாயில் உருண்டு சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையிலிருந்த செதிலை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு வாப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அவள் மொக்கில்ல. ஏன் எண்டா ஏனம் கழுவணும் எண்டு நான்தான் படிச்சிக் குடுத்த. படிச்சிக் குடுத்தத மறக்காமச் செஞ்சிட்டு வந்திரிக்கா. வெளக்கம் கொறஞ்ச புள்ள அப்படிச் செய்யுமா?"

வாப்பா ஊசியை நிறுத்தினார். "அப்ப?"

"அப்ப என்ன? ஸ்கூல்ல வேற என்னமும் படிச்சிக் குடுத்தா அதயும் படிப்பா. தை மாசம் நானே கொண்டுபோய்ச் சேக்கிறன். சிரிக்கிறவன் என்னப் பாத்துச் சிரிக்கட்டும்."

உம்மா வாப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். வாப்பா வலைக்குத் திரும்பினார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். வயிற்றெரிச்சல் விடுமா? உம்மாவுக்குப் பின்னாலேயே அடுப்படிக்குப் போய்க் கேட்டேன்.

"எஞ்சினியர் ராத்தா மாதிரி நீங்க ஏன் உம்மா எங்களோட கதைக்கல்ல?"

ஏன் என்று கேட்டுவிட்டேன். உம்மாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. "ஏன் எண்டு..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுப்பில் இரண்டு சுள்ளியைத் தள்ளினார்.

"காலயில இருந்து குனிஞ்சி நிண்டுட்டு வந்தா, வாயத் தொறக்கவும் இடுப்பு நோவுது புள்ள." பிறகு நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எனக்கு மட்டும் பொறாம இல்ல எண்டு நெனச்சியா? வாடிக்கிப் போகக்குள்ள அந்த ஊட்டு ஜன்னலுக்கால அவங்க கதைக்கிற கேக்கும். அந்த எடத்தில கொஞ்சம் மெதுவா நடப்பன்."

மெதுவா நடப்பன் என்றார். வாடியில் பிந்திப் போனால் முதலாளி ஏசுவார் என்று வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போகிற மனுஷி அவர். ஏனங்களை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனேன்.

தை மாதம் உம்மா வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, வாசச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, ஸாஜியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போனார். எவ்வளவு தேய்த்தும் கருவாட்டு வாசம் முழுக்கப் போகவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் உம்மா பார்த்திருக்க மாட்டார், அவ்வளவு நிமிர்ந்து நடந்தார். அன்றிலிருந்து ஏனம் கழுவட்டும் என்ற பேச்சும் வீட்டில் குறைந்துபோனது. பிள்ளை ஏதாவது கேட்டால், "தெரியா புள்ள, ராத்தாட்டக் கேளு" என்பார். எனக்கும் தெரியாது. ஆனாலும் என்னிடம் அனுப்பினாரே, அது எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைக்கு வேலைதான் கிடைக்கவில்லை. ஸாஜி கேட்பதே அபூர்வமாகிவிட்டது.

எஞ்சினியர் குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டது. போகும்போது ராத்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், பாதி கவலையில், பாதி நிம்மதியில். அந்த வீடு இப்போது கெஸ்ட் ஹவுஸ். பெரிய பட்டத்தில் தொங்கிக் கடலில் வழுக்கி ஓடுகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிறார்கள். ஜன்னலெல்லாம் மூடி ஏசி போட்டிருப்பதால், தெருவில் மெதுவாக நடந்தாலும் ஒன்றும் கேட்காது. ஹனா எங்கோ வெளிநாட்டில் படிக்கப் போகிறாளாம் என்று கேள்விப்பட்டேன். கேட்டதும் எரிந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் சூடு ஆறவில்லை என்று எனக்கே ஆச்சரியம்.

ஸாஜி ஏ.எல். படிக்கிறாள், என் வீட்டில் தங்கி டவுனில் வகுப்புக்குப் போகிறாள். நன்றாகப் படிக்கிறாள். எழுதச் சொன்னால் எழுதுவாள், சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அவளுடைய விஞ்ஞான டீச்சரை ஒருநாள் கடையில் கண்டேன். "உங்கட தங்கச்சிக்கு எல்லாம் தெரியும். ஆனா ஒரு நாளாவது கைய உயத்தி ஒரு கேள்வி கேட்டதில்ல" என்றார். நான் ஏனம் கழுவுகிற தூளை எடுத்துக் கூடையில் போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது.

நேர்முகத்துக்குப் போய்வந்த அன்று பின்னேரம் குசினியில் கறிக்குக் கீரிக் கருவாடு எடுத்து வைத்திருந்தேன். மகள் மேசையில் தாடையை ஊன்றி ஒரு மீனோடு முகத்துக்கு முகம் நின்றாள். ஸாஜி எதிரே புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சிங்க்குக்கு முன்னால் நின்றேன்.

"சாச்சி, இது ஏன் கண்ண மூடல்ல?"

சித்தியை மகள் சாச்சி என்பாள். ஸாஜி புத்தகத்தை மூடி வைத்தாள். வெங்காயக் கத்தியைக் கீழே வைத்த எஞ்சினியர் ராத்தாவின் கையைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

"நீங்க என்ன நெனக்கிறீங்க?"

"அதுக்கு இன்னம் நித்திர வரல்ல."

"அப்படியும் இரிக்கலாம். வேற?"

அந்த "வேற?" யாரிடம் படித்தாள் என்று தெரியவில்லை. "நீங்க" மட்டும் என்னிடம் படித்திருக்க வேண்டும், அன்றைக்கு முற்றத்தில் நான் மிரட்டிய பாடத்திலிருந்து. மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்து யோசித்தாள்.

"ஸாஜி, இத நீயும் கேட்டிரிக்கிற. மூணு வயசில, எங்கட முத்தத்தில படுத்துக்கிட்டு" என்றேன்.

"நானா? சும்மா சொல்லாத ராத்தா. நான் அப்படியெல்லாம் கேக்கிற ஆளா?" என்று சிரித்துவிட்டு, மகளின் பதிலுக்காகத் திரும்பிக்கொண்டாள். அவள் கேட்ட கேள்விகள் அவளிடம் ஒன்றுகூட இல்லை. எங்கள் முற்றத்திலேயே உப்பில் கிடந்து காய்ந்து போய்விட்டன. எனக்கு ஒன்றிரண்டு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

அவர்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு மீனின் கண்ணைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு பேரையும் பார்த்துப் பொறாமையாக இருந்தது. உம்மாவிடம் கேட்க வேண்டும்போல ஒரு ஏன் வாய்வரைக்கும் வந்தது. கேட்டால், போய் ஏனம் கழுவு என்று சொல்ல வீட்டில் இப்போது ஆளில்லை. சிங்க் நிறைய ஏனம் கிடந்தது. ஒருவரும் சொல்லாமலே கழுவத் தொடங்கினேன்.